துக்கத்துக்கு எடுத்த அளவு

ஹார்பரி மாளிகையில் அந்த வாரம் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள், மெதுவாக நடந்தார்கள், கதவைக்கூட மெதுவாகச் சாத்தினார்கள். ஜூடித்துக்கு அதைப் பார்த்துப் பார்த்தே அலுத்துப் போயிற்று. எழுந்தால் அலுப்பு, உட்கார்ந்தால் அலுப்பு. மூச்சு விடுவதே யாரோ சொல்லிச் செய்கிற வேலை மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை தபாலில் அந்தக் கடிதம் வந்தது. ஹார்பரி பிரபுவின் ஒரே தம்பி கேப்டன் ஜாஸ்பர், ஜமைக்காத் துறைமுகத்தில் மஞ்சள் காய்ச்சல் கண்டு இறந்துபோய்ப் பத்து வாரம் ஆகிவிட்டதாம். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்களாம். மாளிகையில் அவரை நினைத்துக்கொண்டு ஈஸ்டர் விருந்து சாப்பிட்ட அன்று அவர் மண்ணுக்குள் இருந்திருக்கிறார்.

கேப்டன் ஜூடித்துக்கு என்ன உறவு என்று போன வாரங்களில் இந்தக் கதையோடு கூட வந்தவர்களுக்குத் தெரியும். இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அவர் அவளைப் பெற்ற அப்பா.

அம்மா ஃபிபா, ஜமைக்காவில் ஹார்பரிக் குடும்பத்துக் கரும்புத் தோட்டத்தில் அடிமை. ஐந்து வயதில் ஜூடித்தை மட்டும் விடுதலை செய்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கேப்டன் மறுபடி கடலுக்குப் போய்விட்டார். பதினாலு வருஷத்தில் மூன்று தடவை வந்தார்.

வளர்த்ததில் குறை சொல்ல முடியாது. பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தார்கள், பியானோ சொல்லிக் கொடுத்தார்கள், காய்ச்சல் வந்தால் பிரபுவின் மனைவி, பெரியம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டாள். ஆனால் விருந்தாளி வந்தால் சாப்பாட்டு மேஜையில் ஜூடித்துக்கு நாற்காலி கிடையாது. சாப்பாடு முடிந்து தேநீர் வரும்போது உள்ளே வரலாம். அப்போதும் ‘பெரியப்பா, பெரியம்மா’ என்று வாய் தவறக்கூடாது. ‘கேப்டனுக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட பொண்ணு, பாவம், யாரும் இல்லை’ என்று வந்தவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மேற்கொண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வியாழக்கிழமை காலை ஜூடித் சீனக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கோப்பைகளை வேலைக்காரர்கள் தொடக்கூடாது, வீட்டுப் பெண்கள்தான் கழுவ வேண்டும் என்பது பெரியம்மாவின் மாமியார் காலத்திலிருந்து சட்டம். பெரியம்மாவுக்குக் கண் சரியில்லை. அவள் மகள் அகஸ்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, கை சொரசொரத்துப் போகக்கூடாது. வீட்டுப் பெண் என்றால் மிச்சம் ஜூடித் ஒருத்திதான். இந்த ஒரு விஷயத்தில் அவள் வீட்டுப் பெண் என்பதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

பத்து மணிக்கு டார்செஸ்டரிலிருந்து தையல்காரி மிஸஸ் ஓக்லி வந்து இறங்கினாள். கூட இரண்டு உதவிப் பெண்கள், நாலு துணி மூட்டை.

“இந்த வாரத்துல மூணாவது சாவு அம்மா. என் விரலைப் பாருங்க, சாயம் ஏறிக் கறுத்துப் போச்சு. சோத்துல கை வைக்கவே கூசுது,” என்றபடி மூட்டையை அவிழ்த்தாள்.

“எனக்கு ரெண்டு, அகஸ்டாவுக்கு ரெண்டு,” என்றாள் பெரியம்மா. “மூணு மாசத்துக்கு. பட்டே போதும்.”

“கொழுந்தனாருக்கு அது போதும்மா. சின்னம்மாவுக்கும் சித்தப்பா முறைதானே, மினுங்கற கறுப்பு கட்டலாம். ஆறு வாரம் போனா வெள்ளை ரிப்பன்கூட வெச்சுக்கலாம்.” மிஸஸ் ஓக்லி இன்னொரு மூட்டையைத் தூக்கி மேஜையில் போட்டாள். “அப்ப இதை யாருக்கும்மா வெட்டறது?”

அது மினுக்கமே இல்லாத துணி. ஜன்னல் வெளிச்சம் மேலே விழுந்தும் ஒரு பளபளப்பு இல்லை. அடுப்புக் கரியை நெய்து கொண்டுவந்த மாதிரி இருந்தது.

“இது எதுக்கு?”

“மகளுக்குன்னு கொண்டாந்தேன். பெத்த அப்பாவுக்குன்னா பன்னிரண்டு மாசம், மினுக்கமே ஆகாதே.”

“எந்த மகள்?”

“கேப்டன் ஐயாவோட மகள்மா. பத்திரிகையில போட்டிருந்துதே. கூட வேலை பாத்த ஆபீசருங்க குடுத்த சேதி. ‘ஒரே மகளை விட்டுச் சென்றிருக்கிறார்’னு. எங்க தெருவே படிச்சுச்சு. பாவம், எங்கிருந்தோ வந்திருப்பாங்க, கையோட தெச்சுக் குடுத்துடலாம்னு…”

அகஸ்டா ரிப்பன் பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். பெரியம்மா ஜூடித் பக்கம் திரும்பவே இல்லை.

“பத்திரிகைக்காரன் எதையாவது போடுவான். என் கொழுந்தனுக்கு மகளும் கிடையாது, மகனும் கிடையாது.”

ஜூடித் கையில் கோப்பை இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் கோப்பை கை நழுவி உடையும் என்று கதைகளில் எழுதுவார்கள். உடையவில்லை. பதினாலு வருஷப் பழக்கம். ஈரம் போகத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள்.

தன் முன்னாலேயே, இரண்டு உதவிப் பெண்கள் வாய் பார்த்துக்கொண்டிருக்க, தன்னை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடக்கக்கூடத் தெம்பு இல்லை.

“ஜூடிக்கும் அகஸ்டா மாதிரியே எடு,” என்றாள் பெரியம்மா, கொஞ்சம் குரல் இறங்கி. “அதே பட்டு. அதே மூணு மாசம். ஒரு வித்தியாசமும் வேண்டாம்.”

வேலைக்காரர்களுக்கு முரட்டுக் கம்பளியில் கறுப்பு எடுப்பது வழக்கம். பெரியம்மா நினைத்திருந்தால் ஜூடித்தை அந்தக் கணக்கில் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. சொந்த மகளுக்குச் சமமாகச் சொல்லிவிட்டாள். பெற்ற அப்பாவைச் சித்தப்பாவாக்கிக் கையில் கொடுத்தாள். அதற்கும் நன்றி சொல்ல வேண்டும்.

“ரொம்ப நன்றிங்க,” என்றாள் ஜூடித். நன்றி சொல்லிச் சொல்லியே அவள் நாக்கு தேய்ந்துபோயிருந்தது.

பெரியம்மாவும் அகஸ்டாவும் போன பிறகு மிஸஸ் ஓக்லி அளவுக் காகிதங்களை எடுத்தாள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நீளக் காகிதப் பட்டை. தோளுக்கு ஒரு வெட்டு, இடுப்புக்கு ஒரு வெட்டு என்று ஓரத்தில் கத்திரித்து, தலைப்பில் பெயர் எழுதி வைத்திருப்பாள்.

“உன் பட்டையைக் காணோமே பொண்ணே.”

“எனக்கு எடுத்ததில்ல. அகஸ்டா போட்டு முடிச்சதைப் பிரிச்சுத் தெச்சுக்குவேன்.”

“பத்தொம்பது வயசு வரைக்குமா?”

 மிஸஸ் ஓக்லி புதுக் காகிதம் கிழித்து, தோளிலிருந்து தோளுக்கு வைத்து, கத்திரியால் ஒரு கடி கடித்தாள். “பேர்?”

“ஜூடித்.”

“ஜூடித்துன்னா? குடும்பப் பேரு?”

“ஜூடித்னு மட்டும் போடுங்க, போதும்.”

தையல்காரி அவள் முகத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் எழுதினாள்.

பதினோரு மணிக்குப் பெரியப்பா கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குக் கீல்வாதம். கால் ஸ்டூலின் மேல் கிடந்தது, விரல் முட்டுகள் வீங்கி ஸ்பூன் பிடிக்கவே தடுமாற்றம். ஆறு வருஷமாக அவர் கடிதங்களையெல்லாம் ஜூடித்தான் எழுதுகிறாள். ஜமைக்காத் தோட்டத்துக் கடிதம் மட்டும் காரியதரிசி பார்த்துக்கொள்வார். அவை அவள் கண்ணில் பட்டதே இல்லை.

“வாங்க, என் வலது கை வந்தாச்சு,” என்றார். வழக்கமான கேலிதான். சிரிக்கத்தான் இரண்டு பேருக்கும் முடியவில்லை.

அவருக்கும் கண் உள்ளே போயிருந்தது. தம்பி போன துக்கம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அவளைக் குழந்தையில் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றியவர் அவர்தான். கேட்பதென்றால் இவரிடம்தான் கேட்க வேண்டும்.

“பெரியப்பா, எனக்கு மூணு மாசம் வேண்டாம். ஒரு வருஷம் வேணும்.”

“எதும்மா?”

“அப்பாவுக்குத் துக்கம்.”

அவர் கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்துச் சரி செய்தார். “இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். உங்க பெரியம்மாகிட்ட…”

“அவங்க முடிவு பண்ணிட்டாங்க. நீங்க சொன்னா மாத்துவாங்க.”

“இன்னைக்குச் சாயங்காலம் லேடி கார்ஸ்டன் வர்றாங்க. துக்கம் கேக்கத்தான் வர்றாங்கன்னாலும், கல்யாணத் தேதியும் பேசணும். அவங்க பையன் எட்மண்ட் அவசரப்படறான். அது ஒரு வழியா முடியட்டும்.”

“முடிஞ்சதும்?”

“பாக்கலாம்.”

அந்த வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று ஆறு வயதிலேயே ஜூடித்துக்குத் தெரியும். ‘எங்க அம்மா எப்ப வருவாங்க?’ என்று கேட்டபோது எல்லாரும் சொன்ன பதில் அதுதான். அப்பா மட்டும் ‘பெரியவளானதும் எல்லாம் சொல்றேன்’ என்றார். அவளும் பெரியவளாகிவிட்டாள், அவரும் போய்விட்டார்.

“ஒரு கடிதம் எழுதணும்மா,” என்றார் பெரியப்பா. குரலே சரியில்லை. “அந்தப் பத்திரிகைக்கு.”

அவள் பேனாவை நனைத்தாள்.

“ஐயா. தங்கள் பத்திரிகையில் என் சகோதரர் குறித்து வெளிவந்த செய்தியில் பிழை உள்ளது. கேப்டன் ஜாஸ்பர் மணமாகாதவர். அவருக்கு…”

நிறுத்திவிட்டார். ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே தோட்டக்காரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவருக்கு?” என்றாள் ஜூடித்.

“அவருக்குக் குழந்தைகள் எவரும் இல்லை.”

ஜூடித் பேனாவைக் கீழே வைத்தாள்.

“இந்த ஒரு வரியை நீங்களே எழுதிடுங்க பெரியப்பா.”

“என் கை லட்சணம் உனக்குத் தெரியாதா?”

“தெரியும். மெதுவா எழுதுங்க. நான் இருக்கேன்.”

“ஜூடி, அது வெறும் பத்திரிகைம்மா. நாளைக்கு அதுல மீனைச் சுத்துவாங்க. இந்த வீட்டுல உனக்கு என்ன குறை வெச்சோம், சொல்லு.”

“ஒரு குறையும் இல்ல.”

“அப்புறம் ஏன் இப்படி?”

“திங்கக்கிழமைதான் அப்பா செத்துட்டார்னு சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். இப்ப அவர் எனக்கு அப்பாவே இல்லைன்னு என் கையாலேயே எழுதச் சொல்றீங்களே. அது மட்டும் முடியல பெரியப்பா. வேற எதுவும் சொல்லுங்க, எழுதறேன்.”

அவர் போர்வையை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு கையை நீட்டினார். அவள் காகிதத்தை அவர் மடியில் பலகையோடு வைத்து, பேனாவை அந்த வீங்கிய விரல்களுக்கு நடுவில் செருகினாள்.

ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நாலு வார்த்தைகள்தான். முதல் வார்த்தை முடிந்ததும் நிறுத்துவார் என்று நினைத்தாள். இரண்டாவதில் நிறுத்துவார் என்று நினைத்தாள். வலியில் அவர் உதட்டைக் கடிப்பதைப் பார்த்து அவளுக்கே பாவமாகப் போய்விட்டது, பாழாய்ப்போன மனசு. மூன்றாவது வார்த்தையில் கை நடுங்கி மை சிந்தியது. அதையும் தாண்டி நாலாவதையும் எழுதி, புள்ளி வைத்து முடித்தார்.

ஜூடித் அதை வாங்கி மை உலர மேலே மணல் தூவி, மடித்து, கறுப்பு மெழுகு உருக்கி முத்திரை வைத்து, விலாசம் எழுதித் தபால் பையில் போட்டாள். அது அவள் வேலை, செய்தாள். இனி இங்கே யாரையும் கேட்டுப் பயனில்லை என்பது அந்தப் பையை மூடும்போதே தெரிந்துவிட்டது.

நேரே தையல் அறைக்குப் போனாள். உதவிப் பெண்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தார்கள். மிஸஸ் ஓக்லி வாயில் ஊசிகளோடு அகஸ்டாவின் பட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னோடதை வெட்டிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப அந்தத் துணியில வெட்டுங்க.” மினுங்காத கறுப்பைக் காட்டினாள்.

மிஸஸ் ஓக்லி வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். “பெரிய அம்மா சொன்னாங்களா?”

“இல்ல.”

“ஐயா?”

“இல்ல.”

“அப்ப அந்த மகள்…”

“நான்தான்.”

தையல்காரி உதவிப் பெண்களைப் பார்த்து, “தின்னது போதும், வெளியில போய்க் காத்து வாங்குங்க,” என்றாள். அவர்கள் போனதும் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“எங்கப்பா செத்தப்போ நான் கறுப்பே கட்டல. ஊர்ல வேற யாரோ பெரிய வீட்டுல சாவு, பதினாறு உடுப்பு தெச்சுக் குடுக்கணும். ராவும் பகலும் அடுத்தவங்க துக்கத்தைத் தெச்சேன். முடிச்சு நிமிந்து பாத்தா ஒரு மாசம் போயிடுச்சு. அதுக்கப்புறம் கட்டி என்ன பிரயோசனம்னு விட்டுட்டேன்.” முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “சாயங்காலத்துக்குள்ள முழுசா முடியாது. மேல்சட்டையும் பாவாடையும் ஆகும். சட்டைக் கையை மட்டும் தெக்காம ஊசி குத்தித்தான் நிறுத்தணும்.”

“அது போதும்.”

“கேட்டா, பத்திரிகையைப் பாத்துட்டுத் தப்பா வெட்டிட்டேன்னு சொல்லிடறேன். நீங்களும் அதையே சொல்லிடுங்க. தையக்காரி தப்புப் பண்ணினா யாரும் குடி முழுகிப் போறதில்ல.”

“உங்களுக்கு இந்த வீட்டு வேலை போயிடுமே?”

“போகட்டும். பெரிய வீடுங்களா இல்ல? எங்கேயாவது யாராவது செத்துக்கிட்டேதான் இருக்காங்க. கையைத் தூக்குங்க சின்னம்மா.”

சின்னம்மா என்றாள். காலையில் பொண்ணே. அது ஜூடித்தின் காதில் விழுந்தது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தாள், அதற்குக்கூட அலுப்பாக இருந்தது. கையைத் தூக்கினாள்.

ஏழு மணிக்குச் சாப்பாட்டு அறையிலிருந்து நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மே மாதம், வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். ஜூடித் மாடிப்படியில் இறங்கி வரும்போது அகஸ்டா எதிரே ஓடி வந்தாள். கைக்குட்டையை மறந்து வந்திருந்தாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

“என்ன இது?”

“துக்க உடுப்பு.”

“அது தெரியுது. இதை ஏன் போட்டிருக்கே? ஜூடி, உன் கால்ல விழறேன், இன்னைக்கு வேண்டாம். நாளைக்குப் போட்டுக்கோ. அவங்க போயிடட்டும்.”

“நாளைக்கு யார் வருவாங்க?”

“இப்பதான் தேதி பேசி முடிச்சிருக்கு. செப்டம்பர்.” அகஸ்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்ட பெண் இல்லை. சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே பொம்மைக்குச் சண்டை போட்டவர்கள். “கறுப்புன்னா கறுப்புதானே? அதுல மினுங்கினா என்ன, மினுங்காட்டி என்ன?”

“அப்ப மாத்திக்கலாம். இதை நீ போட்டுக்கோ, உன்னோடதை நான் போட்டுக்கறேன்.”

அகஸ்டா ஒரு படி பின்வாங்கினாள். அப்பா உயிரோடு கீழே உட்கார்ந்திருக்க, அப்பா செத்த உடுப்பை எந்தப் பெண் தொடுவாள்?

“பாத்தியா?” என்றாள் ஜூடித்.

“எல்லாருக்கும் தெரியும் ஜூடி. தெரியாதுன்னா நினைச்சே? எட்மண்டுக்குத் தெரியும். அவங்க அம்மாவுக்குத் தெரியும். யாரும் வாயைத் திறக்காத வரைக்கும் அது ஒண்ணுமே இல்ல. நீ இதைப் போட்டுட்டு உள்ள வந்தா, சொன்னதா ஆயிடும். சொல்லிட்டா அப்புறம் அவங்க ஏதாவது பண்ணித்தான் ஆகணும். என் கல்யாணம் நின்னுபோனா உனக்குச் சந்தோஷமா?”

“இல்ல.”

“பின்ன?”

“எங்கப்பா செத்துட்டார் அகஸ்டா. அவ்வளவுதான். வேற எதையும் யோசிக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அகஸ்டா வழி விட்டாள். விட்டாள் என்பதைவிட, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

லேடி கார்ஸ்டனுக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த வாரத்துக்குள் அவள் வண்டி வாசலில் நிற்கும். நாற்பது வருஷமாகத் துக்கம் விசாரித்து விசாரித்து, உடுத்திய கறுப்பைப் பார்த்தே போனது தாய்மாமனா, நாத்தனாரா, பிடிக்காத மாமியாரா என்று சொல்லிவிடுவாள். கனத்த உடம்பு, இரக்கமான கண், ஓயாத வாய்.

ஜூடித் உள்ளே வந்தபோது அவள் தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். கண் தானாக ஜூடித்தின் பாவாடையிலிருந்து மேலே ஏறியது. கரண்டி நின்றது.

“அடடா. யாரும்மா போயிட்டாங்க உனக்கு?”

பெரியம்மாவின் முகத்தில் ஒரு நிமிஷம் ரத்தமே இல்லை. ஆனால் முப்பது வருஷம் அந்த வீட்டை ஆண்டவள், சமாளித்துக்கொண்டாள். “அதை ஏன் கேக்கறீங்க, தையல்காரி துணியை மாத்தி வெட்டித் தொலைச்சுட்டா. நாளைக்கே வேற தெச்சுடுவா. ஜூடித், போய் மாத்திட்டு வாம்மா.”

மிஸஸ் ஓக்லி சொல்லச் சொன்ன அதே பொய். யாரும் திட்டம் போடாமலே பெரியம்மா வாயிலிருந்து வந்து, தலையை ஆட்டினால் போதும் என்று காத்திருந்தது. ஆட்டினால் தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அகஸ்டாவுக்குச் செப்டம்பரில் கல்யாணம். பெரியப்பாவுக்கு நிம்மதி. அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அகஸ்டா கண்ணாலேயே கெஞ்சினாள். ஜூடித்துக்கும் அந்த நேரத்தில் ஒரு நாற்காலி கிடைத்து உட்கார்ந்தால் போதும் என்றுதான் இருந்தது.

“தப்பா வெட்டல பெரியம்மா,” என்றாள். “எங்கப்பா போயிட்டார்.”

விருந்தாளி முன்னால் முதல் தடவையாகப் பெரியம்மா என்று சொல்லியிருந்தாள். யாரும் அசையவில்லை, லேடி கார்ஸ்டனைத் தவிர. நாற்பது வருஷப் பழக்கம் அவளைத் தானாக நடத்தியது. கோப்பையை வைத்துவிட்டு ஜூடித்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடப் பாவமே, சின்னப் பொண்ணு. அம்மா இருக்காங்களாம்மா? அவங்கதான் எப்படித் தாங்குவாங்களோ. என் ஆறுதலையும் சேத்து எழுதிடும்மா அவங்களுக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பத்திரிகைச் செய்தி, கேப்டன், ஜமைக்கா, தன் கைக்குள் இருக்கும் அந்தப் பழுப்புக் கை. வாய் மூடிக்கொண்டது. கையை எப்படி விடுவது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இருக்காங்களா.

பதினாலு வருஷத்தில் இந்தக் கேள்வியை ஜூடித்திடம் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாத்தியார் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும் பாதிரியார் கேட்கவில்லை. அவளே கேட்பதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, தெரிந்ததும் வெட்கமாக இருந்தது.

“எனக்குத் தெரியாதுங்க,” என்றாள். பிறகு திரும்பினாள். “பெரியப்பா, எங்கம்மா இருக்காங்களா?”

“ஜூடி, அப்புறம் பேசலாம்மா.”

“இருக்காங்களா, இல்லையா?”

ஹார்பரி பிரபு மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு வரி எழுதியதிலிருந்து அவர் விரல்கள் இன்னும் வீங்கியிருந்தன. அவற்றை மடியில் மறைத்துக்கொண்டார்.

“இருக்கா,” என்றார்.

ஜூடித் அவர் பக்கம் ஒரு அடி வைத்தாள். “நிச்சயமா?”

“வருஷா வருஷம் தோட்டத்துலேர்ந்து ஆளுங்க பட்டியல் வரும். பேர் இருக்கும். இந்த வருஷமும் இருந்தது.”

வருஷா வருஷம். அவர் மடியில் அவள் உட்கார்ந்து கதை கேட்ட வருஷமும். அவள் அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்த வருஷமும். மேஜை டிராயரில் அம்மாவின் பெயர் இருந்திருக்கிறது, இவர் ஒரு தடவையும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாள் அலுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டு வந்தது.

“அவங்க இன்னும் அடிமையாத்தான் இருக்காங்களா?”

அவர் ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

“யாருக்கு?”

லேடி கார்ஸ்டன் கையை விட்டுவிட்டாள். கதவருகே அகஸ்டா, “ஜூடி, போதும்,” என்றாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“என் பேர்லதான் இருக்கா,” என்றார் பெரியப்பா.

 ஜூடித் லேடி கார்ஸ்டன் பக்கம் திரும்பினாள். 

“உங்க ஆறுதலைக் கட்டாயம் எழுதிடறேங்க. எங்கே எழுதணும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு.”